தெனமும் திங்கற பொருள்ல காசு போடுங்க: பொங்கல் பட்டிமன்றத்துல நான் பேசினது

நடுவர் ஐயாவுக்கும் பொங்கல் வேலைய அப்படியே போட்டுட்டு வந்து உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

மிச்சம் பிடிச்ச காச எங்க போடறது நல்லது, பேங்க்லயும் ஷேர்லயுமா இல்ல நம்ம ஊர் உணவுத் தொழில்லயா, இதான் தலைப்பு. எதிரணி அண்ணன் ரெண்டு விஷயம் அழுத்திச் சொன்னாரு. பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, ஊர்க்காரங்கள நம்பினா ஈமு கோழி கதைதான்னாரு. முதல் விஷயம் நெஜம், நான் மறுக்கல. பிள்ளைங்க படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெச்சிருக்கிற காசு பேங்க்லயே இருக்கட்டும், அதுக்கு மேல இருக்கிறதுல ஒரு பங்கத்தான் எங்க அணி கேக்குது.

ஆனா அந்த ஈமு கதைய நான் அப்படியே விடமாட்டேன் ஐயா. ஈமு வளக்க டெபாசிட் கட்டுங்க, மாசாமாசம் பணம் தர்றோம்னு சொன்ன கம்பெனிங்க கதை 2012ல பெருந்துறைப் பக்கம் வெடிச்சுதே, எத்தன குடும்பம் நகைய வித்து கட்டிட்டு நடுத்தெருவுல நின்னுச்சு. ஆனா அது ஊர்த் தொழிலா? ஆஸ்திரேலியாப் பறவை அது, நம்ம ஊர்ல யாரு வீட்டுல ஞாயித்துக்கெழம ஈமு கறி எடுத்தாங்க? வாங்கித் திங்க ஆளே இல்லாத பொருளுக்கு மாசாமாசம் பணம் தர்றேன்னா அது அடுத்து வந்தவங்க கட்டின டெபாசிட்லருந்துதான வரணும், வேற எங்கருந்து வரும்? தெனமும் நாம வாங்கித் திங்கற பொருள்ல போடுங்கன்னுதான நாங்க சொல்றோம், அண்ணன் சொன்ன உதாரணமே எங்க அணிக்குத்தான் சாட்சி.

எங்க தெரு கதைய சொல்றேன். திண்டிவனம் பக்கம், கடலை வெளையற பூமி. ஒரு அக்கா மரச்செக்கு வெச்சிருக்காங்க. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ரெண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு போடணும். அறுவடை நேரத்துல பருப்பு விலை எறங்கியிருக்கும், அப்பவே மொத்தமா எடுத்து வெச்சாத்தான் வருஷம் பூரா கட்டுபடியாகும், ஆனா அந்த நேரத்துல கையில காசு இருக்காது. செக்கு வாங்க கடனும் மானியமும் கெடைச்சுது, 2020ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் குடுத்தாங்க. மெஷின் வந்துடுச்சு, உள்ள போட பருப்பு? அதுக்கு கந்துவட்டிக்காரன் வீட்டு வாசல்ல போய் நின்னாங்க, வருஷம் பூரா ஆட்டினதுல பாதி அங்கதான் போச்சு.

நாங்க 12 குடும்பம் சேந்து ஆளுக்கு 5,000, மொத்தம் 60,000 குடுத்தோம். வட்டி பேசல, வட்டி தர்றேன்னு ஊர்ல டெபாசிட் திரட்டறத 2019ல வந்த சட்டமே தடுக்குது. நாங்க குடுத்தது எண்ணெய்க்கு அட்வான்ஸ், அன்னிக்குப் பேசின ரேட்லயே மாசாமாசம் எண்ணெய் வீட்டுக்கு வந்துடும், கடையில விலை ஏறினாலும் எங்களுக்கு அதே ரேட்டு. புண்ணாக்கு பக்கத்துத் தெரு மாட்டுக்குப் போகுது, அந்த மாட்டுப் பால்தான் எங்க வீட்டு காபிக்கு வருது. எந்த ஷேர் எனக்கு இத காட்டும் சொல்லுங்க.

இவ்ளோ சின்னக் காசுல என்ன பெருசா வந்துடும்னு அண்ணன் கேட்டாரு. 1959ல மும்பை கிர்காவ்ல 7 பொம்பளைங்க 80 ரூபா கடன் வாங்கி மாடியில அப்பளம் தேய்ச்சு காய வெச்சாங்க, அதான் லிஜ்ஜத் அப்பளம். இன்னிக்கு ஆயிரக்கணக்கான பொம்பளைங்க அதுல பங்காளிங்க, சம்பளத்துக்கு வேலை செய்யறவங்க இல்ல, பங்காளிங்க. அந்த 80 ரூபாய அன்னிக்கு நம்பிக் குடுத்தாரே ஒருத்தர், அவரு பேலன்ஸ் ஷீட்டா பாத்தாரு?

ரிஸ்க் இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ரெண்டாவது வருஷம் அறுவடை சமயத்துல மழ ஊத்தி காய் செடியிலயே மொளச்சிடுச்சு, ரெண்டு மாசம் எண்ணெய் வரல. எனக்கும் பயம் வந்துச்சு. ஆனா அந்த அக்கா ஓடி ஒளியல ஐயா. நோட்ட எடுத்துட்டு 12 வீட்டுப் படியும் ஏறினாங்க, எவ்ளோ பருப்பு வந்துச்சு எவ்ளோ போச்சுன்னு காட்டினாங்க, கேட்டவங்களுக்குப் பணத்த திருப்பித் தர்றேன்னாங்க. யாரும் கேக்கல. மூணாவது மாசம் மூணு மாச எண்ணெயும் சேத்து வந்துச்சு, அந்தக் கேன் இன்னும் எங்க வீட்டு அடுப்படியிலதான் இருக்கு.