மூன்று ஆண்டுகள், ஒரே கேள்வி: கல்லூரி ஆய்வுக்கு நம்பகமான பார்வை நூல்களைத் தேடுவது எப்படி?

[திரையில்: நூலக மேசை. மூன்று தாள்கள். ஒன்றில் 1554, ஒன்றில் 1578, ஒன்றில் 1714.]

வணக்கம். இந்த மூன்று தாள்களையும் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு மாணவி என் முன்னால் பரப்பி வைத்தார். தமிழ் இலக்கியம், இறுதியாண்டு. ஆய்வேட்டுக்கு எடுத்த பொருள் தமிழ் அச்சு வரலாறு. முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"சார், அச்சான முதல் தமிழ் நூல் எது என்று தேடினேன். மூன்று இடத்தில் மூன்று ஆண்டு போட்டிருக்கிறார்கள். எதை எழுதுவது?"

எந்த ஆண்டு நிறையப் பக்கங்களில் வருகிறதோ அதை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அவர் எழுதாமல் எழுந்து வந்தார். ஆய்வு செய்கிறவருக்கு வேண்டிய முதல் குணம் அதுதான். அன்று பிற்பகல் நாங்கள் இருவரும் தேடிய வழியையே இந்த வீடியோவில் காட்டுகிறேன்.

[திரையில்: தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு பக்கம்.]

விக்கிப்பீடியாவிலிருந்து தொடங்கினோம். அதைத் தொடவே கூடாது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. 2005-ல் நேச்சர் இதழ் 42 அறிவியல் தலைப்புகளில் ஆங்கில விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் வல்லுநர்களிடம் கொடுத்துச் சோதித்தது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் மூன்று. அந்தச் சோதனை நடத்தப்பட்ட முறையைப் பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது. எப்படியானாலும், பிழையே இல்லாத கலைக்களஞ்சியம் என்று ஒன்று கிடையாது.

ஆகவே கட்டுரையைப் படித்ததும் நேராக அடிக்குறிப்புக்குப் போங்கள். ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எண் இருக்கிறதா? அதை அழுத்தினால் ஒரு நூல் வருகிறதா, அல்லது இன்னொரு இணையப் பக்கம் வருகிறதா? அந்தப் பக்கமும் விக்கிப்பீடியாவையே பார்த்து எழுதியதாக இருந்தால், இரண்டு சாட்சிகள் இருப்பது போலத் தோன்றும், இருப்பது ஒன்றுதான். மாணவியின் தாள்களில் ஒன்று அப்படி வந்தது. நான்கு தளங்களில் எழுத்துப்பிழை உட்பட ஒரே வாக்கியம்.

மேலே 'வரலாற்றைக் காட்டு' என்ற இணைப்பையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அந்த ஆண்டை யார், எப்போது மாற்றினார்கள் என்பது அங்கே பதிவாகியிருக்கும்.

[திரையில்: கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள், அலமாரியில் வரிசையாக.]

அடுத்து ரெஃபரன்ஸ் பகுதி. பல கல்லூரிகளில் இங்கே தூசிதான் படிந்திருக்கிறது. எனக்கு அது பெரிய வருத்தம். இவை தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள். முதன்மை ஆசிரியர் பெ. தூரன். முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாவது 1968-ல். உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம்.

இதை எடுக்கும்போது கையோடு பதிப்பாண்டையும் பாருங்கள். முதல் தொகுதி அச்சானபோது கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, மலபார் சென்னை மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பரில்தான் எல்லைகள் மாறின. 'தமிழ்நாடு' என்ற பெயர் மாநிலத்துக்கு முறைப்படி வந்தது 1969 ஜனவரியில், பத்தாவது தொகுதியும் வெளிவந்த பிறகு. மக்கள்தொகை, மாவட்ட எல்லை போன்றவற்றை இதிலிருந்து எடுத்து இன்றைய நிலையாக எழுதினால் தவறாகிவிடும். ஒரு பொருளின் அடிப்படையைத் தெளிந்த தமிழில் புரிந்துகொள்ள இதற்கு இணையானது இன்றும் எளிதில் கிடைக்காது.

ஒவ்வொரு பார்வை நூலும் ஏதோ ஒரு நோக்கத்துக்காகத் தொகுக்கப்பட்டது. 1910-ல் வந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியில் புராணப் பாத்திரங்களும் புலவர்களும் அரசர்களும் ஒரே அகர வரிசையில் நிற்பார்கள். புராணக் கதை தேடுகிறவருக்கு அது புதையல். ஒரு அரசனின் காலத்தை அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

[திரையில்: தமிழ் லெக்சிகனின் ஒரு பக்கம், நெருக்கத்தில்.]

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-ல் ஒரு பிற்சேர்க்கை. ஒரு சொல், அதன் பொருள். அதை அடுத்து ஒரு செய்யுள் வரி, பிறகு பிறை அடைப்புக்குள் நூலின் பெயர்ச் சுருக்கமும் பாடல் எண்ணும். 'இந்தப் பொருளை நாங்களாகச் சொல்லவில்லை, இந்தப் பாட்டில் பார்த்துக்கொள்' என்று தொகுத்தவர்கள் நமக்கு வழி விட்டிருக்கிறார்கள். சுருக்கம் விளங்காவிட்டால் முன்பக்கப் பட்டியலில் விரித்துக் கொடுத்திருப்பார்கள். நம்பகம் என்று நான் சொல்வது இந்த அடைப்புக்குறியைத்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இந்த அகராதியை இலவசமாகத் தேடலாம்.

[திரையில்: மீண்டும் மூன்று தாள்கள்.]

இப்போது அந்த மூன்று ஆண்டுகளுக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் எங்கிருந்து வந்தது என்று அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனோம். 1554-ல் லிஸ்பனில் அச்சான நூலில் மொழி தமிழ், எழுத்து ரோமன். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற கிறித்தவ சமய நூல் தமிழ் எழுத்திலேயே வந்தது. அன்ரிக்கே அன்ரிக்கசு என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் மொழிபெயர்த்தது, 16 பக்கம். 1714 தரங்கம்பாடியைச் சேர்ந்தது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கே அந்த ஆண்டில் அச்சேறத் தொடங்கி மறு ஆண்டு நிறைவுற்றது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது.

மூன்று ஆண்டும் சரிதான். தமிழ் மொழியில் முதல் அச்சு எது, தமிழ் எழுத்தில் எது, தமிழில் புதிய ஏற்பாடு எப்போது என்று கேள்விகள் வேறு வேறாக இருந்திருக்கின்றன. யாரோ ஒருவர் இடையில் அடைமொழிகளை உதிர்த்துவிட்டு 'முதல் தமிழ் நூல்' என்று சுருக்கியிருக்கிறார். இரண்டு இடங்களில் தகவல் முரண்பட்டால், இரண்டும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இதற்கு மேல் ஆழமாகப் போக, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தரமாக இருக்காது. ஆனால் கடைசிப் பக்கங்களில் உள்ள துணைநூற்பட்டியல் பெரும்பாலும் உதவும். பழைய அச்சு நூல்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளம். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நூலின் பெயரைச் சொன்னால், எழுதும் முன் ஏதாவது ஒரு நூலகப் பட்டியலில் அந்த நூல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாத நூலையும் ஆசிரியர் பெயரோடு அது சொல்லிவிடும்.

[திரையில்: தம்பிரான் வணக்கத்தின் ஒரு பக்கம்.]

தம்பிரான் வணக்கத்தின் படி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் பக்கப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி சட்டென்று நிறுத்தினார். "சார், எழுத்து இரண்டு மாதிரியாக இருக்கிறதே?"

உண்மைதான். 1577-ல் கோவாவில் செய்த அச்செழுத்துகள் ஒரு வகை, 1578-ல் கொல்லத்தில் செய்தவை இன்னொரு வகை. ஓராண்டுக்குள் ஏன் புதிதாக வார்த்தார்கள்?

அவர் மூன்று தாள்களையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு, புதிய தாள் ஒன்றில் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார்.