மாயூரத்து முன்சீப்

(வேதநாயகம் பிள்ளை நினைவு நாளில் மயிலாடுதுறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், கறுப்புக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் கோர்ட்டிலிருந்து நேராக வந்திருக்கும் வக்கீல் நண்பர்களுக்கும், முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பிள்ளைகளே, உங்கள் பாடப்புத்தகத்தில் இவர் தமிழின் முதல் நாவலை எழுதியவர். 1879-இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம். பரீட்சையில் அதை எழுதினால் மார்க்கு உண்டு. சரி. ஆனால் இந்த ஊர் அவரை முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்றுதான் சொல்லி வந்தது. முன்சீப் என்றால் சிவில் வழக்குகளை விசாரிக்கும் கீழ்க்கோர்ட்டு நீதிபதி. நான் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு அந்த முன்சீப்பைப் பற்றித்தான் பேசத் தெரியும்.

திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் 1826 அக்டோபர் 11-ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் சவரிமுத்துப் பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம். தமிழும் இங்கிலீஷும் கற்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். அப்புறம் அங்கேயே மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேடையில் இங்கிலீஷ் துரை. கூண்டில் காவிரிக்கரைக் குடியானவர். அவர் பேசுவது இவருக்குப் புரியாது, இவர் பேசுவது அவருக்குப் புரியாது. நடுவில் நிற்கிறவர் மொழிபெயர்ப்பாளர். 'கொடுத்தேன்' என்று சாட்சி சொன்னதை, கடனாகக் கொடுத்ததா, தானமாகக் கொடுத்ததா என்று பிசகிச் சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்தின் நிலம் கை மாறிவிடும். சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதை இலக்கணம் படித்தும் தெரிந்துகொள்ளலாம். இவர் அதைக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டார். பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்கள் அந்த ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பிறகு சீர்காழி. அதன் பிறகு நம் மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை, பதின்மூன்று ஆண்டுகள். மூன்று ஊரும் இன்று நம் மயிலாடுதுறை மாவட்டத்துக்குள் இருக்கின்றன. இந்த மாவட்டம் 2020-இல்தான் பிறந்தது. நூறு வருஷத்துக்கு மேல் முன்பே அவர் இதைத் தன் உத்தியோகத்தால் சுற்றி வந்துவிட்டார் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சொந்தம் வருகிறது.

முன்சீப் கோர்ட்டில் என்ன வழக்கு வரும்? வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, கைமாற்று, அடமானம், அண்ணன் தம்பி பாகம். பெரிய கோர்ட்டுக்கு இவையெல்லாம் சில்லறை. ஆனால் அந்த வாதிக்கு உலகத்திலேயே அந்த ஒரு வழக்குதான் இருக்கிறது. பஸ் ஏறி, வாய்தா வாய்தாவாக வந்து, கோர்ட்டுச் சேவகரான டவாலி தன் பெயரை மூன்று தரம் கூப்பிடுவதற்காக வேப்பமரத்தடியில் காத்திருக்கிறவரை நான் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன்.

அதில் ஒரு அம்மாவை மட்டும் சொல்லுகிறேன். எந்த ஊர், எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். எழுபது வயது இருக்கும். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தீர்ப்பு நகலை என் மேஜைமேல் வைத்தார். மடித்து மடித்து அதன் மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. மேல்கோர்ட்டு நகல், முழுக்க இங்கிலீஷ். வக்கீல் குமாஸ்தா ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறார், அவருக்குப் பிடிபடவில்லை. "தம்பி, நான் ஜெயிச்சேனா, தோத்தேனா? அத மட்டும் சொல்லு" என்றார். தீர்ப்பு வந்து நாலு மாசம் ஆகியிருந்தது. நாலு மாசமும் அந்தக் காகிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அது தெரியாமலே இருந்திருக்கிறார். அவர் ஜெயித்திருந்தார். நான் வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். முடித்ததும், "மொதல்லேருந்து இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். அழுதுகொண்டே கேட்டார்.

அந்த அம்மாவைப் போன்ற ஒருவரைத்தான் வேதநாயகம் பிள்ளையும் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மனிதர் அப்படிப்பட்ட காரியத்தில் இறங்கியிருக்க மாட்டார். கம்பெனி காலத்தில் சென்னையில் சதர் அதாலத் என்றொரு நீதிமன்றம். அப்பீல் எல்லாம் அங்கே போய்தான் முடியும். அதன் தீர்ப்புகள்தான் கீழ்க்கோர்ட்டுகளுக்கு வழிகாட்டி. அவை இங்கிலீஷில் இருந்தன. 1805 முதல் 1861 வரை வந்த அந்தத் தீர்ப்புகளை எடுத்துச் சுருக்கி, தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார். அதே ஆண்டுதான் சென்னையில் ஐகோர்ட் தொடங்கியது. ஐம்பத்தாறு வருஷத்துத் தீர்ப்புகள்! பகலில் கோர்ட்டு வேலை. டைப்ரைட்டர் கிடையாது, மின்விளக்கு கிடையாது. இதற்குத் தமிழில் முன்மாதிரியும் கிடையாது. எந்தச் சொல்லைப் போடுவது என்று ஒவ்வொரு இடத்திலும் அவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. நானும் தீர்ப்புகளை மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். அதனால் சொல்லுகிறேன், நாவலை எழுதியதற்காக அவரைக் கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், என் கை தானாகக் கூப்புவது இந்தப் புத்தகத்துக்குத்தான்.

அந்த நாவலுக்குள்ளும் முன்சீப் வந்து உட்கார்ந்திருக்கிறார். தமிழ் நியாயாதிபதிக்கு முன்னால், தமிழ்க் கட்சிக்காரருக்காக, தமிழ் வக்கீல் எதற்காக இங்கிலீஷில் வாதாட வேண்டும் என்று அதில் ஓரிடத்தில் கேட்டுவிடுகிறார். கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் நடப்பதற்கு 1976-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஐகோர்ட்டிலும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்னும் வரவில்லை. சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தரத் தொடங்கியது 2019-இல். கணினியின் துணையோடு செய்கிறார்கள். நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். இதை மாயூரத்தில் ஒருவர் தன்னந்தனியாகச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதையும் அங்கே யாராவது சொல்ல வேண்டும்.

நீதிநூல் என்று ஒரு செய்யுள் நூல் 1859-இல் வெளியிட்டார். லஞ்சத்துக்கு அப்போது கைக்கூலி என்று பெயர். அதற்கென்றே அதில் ஒரு அதிகாரம் வைத்திருக்கிறார். உத்தியோகத்தில் இருக்கும்போதே ஒரு நீதிபதி இதை அச்சில் போடுவது என்றால், தன் கை சுத்தம் என்று ஊரறியச் சொல்லுகிறார் என்று அர்த்தம். பெண்கள் படிக்க வேண்டும் என்று 1869-இல் பெண்மதி மாலை எழுதினார். இங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார். இந்த ஊர் நகராட்சித் தலைவராகவும் இருந்தார்.

இன்னொன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. இவர் கிறிஸ்தவர். சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மேல் கோவை என்ற வகைச் செய்யுள் நூலே பாடினார். குளத்தூர்க் கோவை என்று அதற்குப் பெயர். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை இவர் பாடினார். இரண்டு பக்கமும் யாரும் அதை அதிசயமாக நினைத்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

1872-இல் உத்தியோகத்தை விட்டுவிட்டார். நாலு வருஷத்தில் தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. நம் பாட்டிமார்கள் வாயிலே அதுதான் பெயர். 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்திலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு வாய் கஞ்சி கிடைக்கும் என்று நம்பிக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் உண்டு. இந்தத் தெருக்களில் நடந்திருப்பார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு மண்சட்டி, அவ்வளவுதான் சொத்து.

அவருக்கு அப்போது பதவியும் இல்லை, செய்தே ஆகவேண்டிய கடமையும் இல்லை. சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்தார். கஞ்சித் தொட்டி வைத்தார். யார் என்ன சாதி, என்ன மதம், எந்த ஊர் என்று கேட்காமல் ஊற்றினார். பஞ்சம் தீர வேண்டும் என்று கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். 1878-இல் அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தபோது பஞ்சத்தின் வெக்கை இன்னும் ஆறியிருக்காது. எந்தக் கோயிலில் நின்று பாடினாலும் பொருந்தும்படி எழுதியிருக்கிறார். தொட்டியில் கஞ்சி வாங்கினவர்கள் பல கோயில்காரர்கள் அல்லவா?

அப்போது அவர் செய்ததைக் கண்ணால் கண்டவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரம் பாடிய அதே பாரதியார். நந்தனுக்காக உருகிய அந்த வாய், 'நீயே புருஷ மேரு' என்று இந்த முன்சீப்பை அழைத்துப் பாடியது. தனவந்தர்களைப் பாடிப் பிழைக்கும் வழக்கம் இல்லாதவர் அவர். மேருமலை போன்ற மனிதன் என்று சொல்ல அவருக்கு வேறு காரணம் எதுவும் இருந்திருக்க முடியாது.

1889 ஜூலை 21-இல் வேதநாயகம் பிள்ளை காலமானார்.

எனக்குப் பின்னால் இந்தப் பெண் குழந்தைகள் சுருதிப் பெட்டியோடு அரை மணி நேரமாகக் காத்திருக்கிறார்கள். அவருடைய கீர்த்தனைகளில் இரண்டைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வாருங்கள் அம்மா, மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கிறேன்.