நப்பின்னை: தமிழில் ராதைக்கு முன்பே கண்ணனோடு இருந்த பெயர்

(திரையில்: 'நப்பின்னை' என்ற ஒரே சொல். பின்னணியில் திருப்பாவை மெல்லிய குரலில்.)

மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டு வளர்ந்த எல்லோருடைய காதிலும் இந்தப் பெயர் விழுந்திருக்கும். ஆனால் நப்பின்னை என்ற பெயருள்ள ஒரு பெண்ணோடு நீங்கள் பேசியது உண்டா? பலரும் இல்லை என்றுதான் சொல்வீர்கள். ராதா என்று கேட்டிருந்தால் உடனே நாலு பேரைச் சொல்லியிருப்பீர்கள்.

இத்தனைக்கும் ஆழ்வார்களின் பாசுரங்களில் ராதை கிடையாது. அவர்கள் பாடிய கண்ணனுக்குத் துணை நப்பின்னைதான். பெரியாழ்வார் காக்கையைக் கூப்பிட்டுக் குழந்தைக் கண்ணனுக்குத் தலைவாரச் சொல்லும் பாட்டில், கண்ணனை அவர் அறிமுகப்படுத்துவதே 'பின்னை மணாளனை' என்றுதான். அதாவது பின்னையின் கணவன். மனைவி பெயரைச் சொல்லிக் கணவனை அடையாளம் காட்டும் அளவுக்கு அந்தக் காலத்தில் அவள் பிரபலம்.

சரி, பெயரைப் பிரித்துப் பார்ப்போம்.

(திரையில்: ந + பின்னை)

முன்னால் இருக்கும் 'ந' சங்க காலப் பெயர்களில் அடிக்கடி வரும் ஓர் ஒட்டு. நல்ல, சிறந்த என்ற பொருள் தருவது. கீரர் நக்கீரர் ஆனார். முல்லைப்பாட்டைப் பாடியவர் நப்பூதனார். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடிய பெண் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். அந்த வரிசையில் வைத்தால் நப்பின்னை என்பது 'நல்ல பின்னை'. அவளுடைய பெயர் பின்னைதான். 'ந' மரியாதைக்காகச் சேர்ந்தது.

அப்படியானால் பின்னை யார்? இங்கே இரண்டு வழி இருக்கிறது. பின் என்பதிலிருந்து வந்தால் பின்னால் பிறந்தவள், இளையவள். பின்னல் என்பதிலிருந்து வந்தால் அழகான சடை உடையவள். இலக்கணத்துக்கு முதல் வழி நேரானது, பெரும்பாலோர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இரண்டாவதை லேசில் தள்ளிவிட முடியவில்லை. திருக்குறளைப் புகழும் பாடல்களின் தொகுப்பான திருவள்ளுவமாலையில் ஒரு வெண்பா கண்ணனை 'உபகேசி தோள்மணந்தான்' என்கிறது. உபகேசி என்றால் நப்பின்னை என்று உரைகாரர்கள் எழுதினார்கள். கேசம் என்றால் கூந்தல். ஆண்டாளும் அவளைக் கூப்பிடும்போது 'கந்தம் கமழும் குழலீ' என்கிறாள்; அடுத்த பாட்டிலேயே 'கொத்தலர் பூங்குழல் நப்பின்னை' என்கிறாள். திரும்பத் திரும்பக் கூந்தல் வருகிறது. பெயருக்கு அது மூலமாக இல்லாவிட்டாலும், அந்தக் காலத்துக் காதுகளுக்கு இந்தப் பெயரில் சடை கேட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

(திரையில்: ஆயர்சேரி, உறியில் தொங்கும் வெண்ணெய்ப் பானை.)

ஆண்டாளுக்கு முன்பே, சிலப்பதிகாரத்தில் அவள் இருக்கிறாள். கோவலன் சிலம்பு விற்கப் போயிருக்கிறான். இங்கே ஆயர்சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளைகளின் கண்ணில் நீர். ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர்குலப் பெண் மாதரி பயந்து, மாடுகளின் துயரம் நீங்கக் குரவைக்கூத்து ஆடுவோம் என்கிறாள். கண்ணன் தன் அண்ணன் பலராமனோடும் 'வேல்நெடுங்கண் பிஞ்ஞை'யோடும் ஆடிய அதே குரவை. கவனியுங்கள், இங்கே பெயர் பிஞ்ஞை. பின்னைதான், உச்சரிப்பு மாறியிருக்கிறது.

ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். மாதரி அவர்களுக்கு ஏழு சுரங்களின் பெயரை வைக்கிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல் என்ற பெண் மாயவன், அதாவது கண்ணன். இளி பலராமன். துத்தம் பின்னை. குரலுக்கு அடுத்த சுரம் துத்தம். மாயவனுக்கு அடுத்து வருபவள் பின்னை. இளங்கோ இதை யோசித்துத்தான் வைத்தாரா தெரியாது, எனக்கு இந்தப் பொருத்தம் ரொம்பப் பிடிக்கும்.

மணிமேகலை பௌத்தக் காப்பியம். அதிலும் வருகிறாள். பூம்பொழிலில் உலாவும் சோழ மன்னன், துணையைப் பிரிந்த ஓர் அன்னமும், ஒரு தோகை மயிலும், ஒரு பெண்மயிலும் சிறகு விரித்துச் சேர்ந்து ஆடுவதைப் பார்க்கிறான். உடனே அவன் நினைவுக்கு வருவது மாமணி வண்ணனும் தம்முனும் பிஞ்ஞையும் ஆடிய குரவை. நீல மயில் கண்ணன், வெள்ளை அன்னம் பலராமன், பெண்மயில் பின்னை. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. படிப்பவர்களுக்குக் கதை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியிலும் ஓர் இடம் உண்டு. சீவகனுக்குத் தன் மகள் கோவிந்தையைக் கொடுக்க வரும் ஆயர் தலைவன் நந்தகோன், குலத்தை எண்ணாதே என்கிறான். முருகன் வள்ளியைக் கொள்ளவில்லையா, திருமால் நப்பின்னையைக் கொள்ளவில்லையா என்று கேட்கிறான். மூன்று சமயத்துப் புலவர்களுக்கும் பொதுவாக இருந்த ஒரு பெண் பெயர் இது!

கல்யாணக் கதை பலருக்கும் தெரிந்தது. ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் நப்பின்னையை மணந்தான். இதற்குக் கீழே இருப்பது ஏறு தழுவுதல். காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயமகள் மறுபிறவியிலும் தழுவ மாட்டாள் என்று கலித்தொகை சொல்கிறதே, அதே வழக்கம். பாகவத புராணத்திலும் கண்ணன் ஏழு காளைகளை அடக்குகிறான், ஆனால் அங்கே மணப்பெண் கோசல நாட்டு அரசன் மகள் நாக்னஜிதி. தமிழில் அவள் மாட்டுக்காரர் வீட்டுப் பெண்.

(திரையில்: மூடிய மரக்கதவு. வளையல் ஒலி.)

திருப்பாவைக்கு வருவோம். 18, 19, 20 ஆகிய மூன்று பாசுரங்களிலும் நப்பின்னை இருக்கிறாள். 17ஆம் பாட்டில் நந்தகோபன், யசோதை, கண்ணன், பலராமன் என்று எழுப்பிப் பார்த்த பெண்கள் அடுத்து அவளை எழுப்புகிறார்கள். 'செந்தாமரைக் கையால் சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்' என்று கெஞ்சுகிறார்கள். கதவு திறக்கவில்லை. அடுத்த பாட்டில் கொஞ்சம் சண்டையே வருகிறது: உன் மணாளனை நீ எழுந்திருக்கவே விடுவதில்லை, இது நியாயமா? அதற்கும் அடுத்த பாட்டில் குரல் மறுபடி இறங்குகிறது. 'நப்பின்னை நங்காய் திருவே துயிலெழாய்', விசிறியும் கண்ணாடியும் கொடு, உன் மணாளனையும் எங்களோடு அனுப்பு. நிஜப் பெண்கள் பேசுவது போலவே இருக்கிறது.

ராமானுசரைப் பற்றி வைணவர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. பிச்சைக்குப் போகும்போது 18ஆம் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டே ஓர் ஆசாரியர் வீட்டு வாசலில் நிற்கிறார். 'வந்து திறவாய்' என்ற இடம் வரும்போது, அந்த வீட்டுப் பெண் வளையல் குலுங்கக் கதவைத் திறக்கிறாள். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று ராமானுசர் அவள் காலில் விழுந்துவிட்டாராம்.

இவ்வளவு செல்வாக்குள்ள பெயர் ஏன் வழக்கில் இல்லை? எனக்குத் தோன்றுவது இது. வைணவ ஆசாரியர்கள் அவளை, திருமாலின் தேவியரில் ஒருத்தியான நீளாதேவி என்ற வடமொழிப் பெயரோடு ஒன்றாக்கினார்கள். திருப்பாவைக்குப் பராசர பட்டர் எழுதிய தனியனே (பாசுரங்களுக்கு முன்னால் சொல்லும் வாழ்த்துப் பாட்டு) 'நீளா' என்றுதான் தொடங்குகிறது. கோயிலில் பெருமாளுக்கு இருபுறமும் பெரும்பாலும் ஸ்ரீதேவியும் பூதேவியும் மட்டும் நிற்கிறார்கள். தினமும் கண்ணில் படாத தேவியின் பெயர் பிள்ளைக்கு வைக்க நினைவில் வராது. இன்னொரு பக்கம், 12ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் எழுதிய கீதகோவிந்தம் ராதையை எங்கும் கொண்டுபோனது. பஜனைப் பாட்டு, நாட்டியம், பிறகு சினிமா என எல்லாமே ராதைக்குத்தான்.

20ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கம் பழைய பெயர்களைத் தேடி எடுத்தபோது மணிமேகலையும் கண்ணகியும் திரும்பி வந்தார்கள். நப்பின்னை அந்த அலையில் பெரிதாக வரவில்லை. அதற்காக அழிந்துவிட்ட பெயர் என்று நினைக்க வேண்டாம். இணையக் குற்றச் சட்டத்தில் பேர் பெற்ற உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் என்.எஸ்.நப்பின்னை இருக்கிறார்.

மகளுக்கு வைக்க யோசிப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது 'பி'யும் 'என்'னும் ஒன்றா இரண்டா என்பதை முதலிலேயே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ் முதல் ஆதார் வரை ஒரே மாதிரி எழுதுங்கள். பின்னால் திருத்த அலைவது பெரிய வேலை. வீட்டில் கூப்பிடப் பின்னை போதும், அதுதான் மூலப் பெயரும்கூட. ஒரே ஒரு எச்சரிக்கை. மலையாளம் பேசும் தோழிகள் கிடைத்தால், பெயரைச் சொன்னதும் 'பின்னே?' (அப்புறம்?) என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதற்கு மட்டும் பிள்ளை ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளட்டும்.