கட்டுவிரியன்: ஓசையில்லாமல் கடிக்கும் பாம்பு

நேயர்களுக்கு வணக்கம். நாகம் படமெடுக்கும். கண்ணாடி விரியன் குக்கர் போலச் சீறும். கட்டுவிரியன் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராது. அதனால்தான் இந்தப் பாம்பைப் பற்றி விரிவாகப் பேச விரும்புகிறேன்.

பகலில் பார்த்தால் பரம சாது. செங்கல் குவியலைப் புரட்டும்போது அகப்பட்டால், உடலைச் சுருட்டி அதற்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும். இருட்டியதும் ஆளே மாறிவிடும், சுறுசுறுப்பாக இரை தேடக் கிளம்பும். எலி, பல்லி, தவளை எல்லாம் தின்னும். மற்ற பாம்புகள் என்றால் அதற்குத் தனிப் பிரியம், தன் இனத்தையும் விட்டுவைக்காது.

பளபளக்கும் கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாகும். பார்க்க இதைப்போலவே இருக்கும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன் பாம்புக்கு இது நேர்மாறு. முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். அதைக் கிட்டப்போய்ப் பார்த்து உறுதிசெய்ய யாரும் முயலவேண்டாம்.

இரை வீட்டுக்குள் இருந்தால் பாம்பும் உள்ளே வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு அதன்மேல் கை போட்டால் கடித்துவிடும். பல் சிறியது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல பேருக்குக் கடித்த தடமே தெரியாது. கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிப் படுப்பது நல்ல காப்பு.

விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள். அஜீரணம் என்று கஷாயம் கொடுத்து நேரத்தைக் கடத்திவிடுகிறோம். அதற்குள் இமைகள் தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு தளரும். தசைக்கு மூளையின் கட்டளையைக் கடத்தும் நரம்பு முனைகளையே இந்த நஞ்சு சிதைக்கிறது. உடலில் சுற்றும் நஞ்சை நஞ்சுமுறி மருந்து முறிக்கும். சிதைந்த முனையை அதனால் சரிசெய்ய முடியாது. அதனால் இமை தொங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், கடித்த தடம் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

வென்டிலேட்டர் மூச்சைத் தாங்கிப் பிடித்தால் நரம்பு முனைகள் மெல்லத் தாமே வளர்ந்துவிடும். அதற்குச் சில நாட்கள், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும். கண் திறக்காமல், விரல் அசையாமல் கிடப்பவரைப் பார்த்து உயிர் போய்விட்டது என்று உறவினர் அழுவதுண்டு. அவருக்குப் பெரும்பாலும் நினைவு தப்பியிருக்காது, நாம் பேசுவது காதில் விழும். பிழைத்துவிடுவாய் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருங்கள்.