ஒரே மாதிரி இரண்டு இலைகள் கிடைக்குமா? லைப்னிட்ஸின் கடிதங்கள்

வணக்கம் நண்பர்களே. நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தது நியூட்டனா லைப்னிட்ஸா என்ற சண்டை நிறையப் பேருக்குத் தெரியும். அதே லைப்னிட்ஸ், அந்த ஜெர்மன் தத்துவஞானி, அரச குடும்பத்துப் பெண்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். இந்தப் பெண்களைப் 'புரவலர்கள்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

முதலில், ஜெர்மனியின் ஹனோவரை ஆண்ட குடும்பத்தைச் சேர்ந்த சோஃபி. உடம்பே இல்லாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும் என்று கேட்டு பிரெஞ்சுத் தத்துவஞானி டேகார்ட்டைத் திணறடித்த எலிசபெத், இவருடைய அக்கா. சோஃபியும் எதையும் எளிதில் நம்புகிறவர் இல்லை. உலகத்தில் எந்த இரண்டு பொருளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது என்பது லைப்னிட்ஸின் கொள்கை. ஹனோவரின் ஹெரன்ஹௌசன் அரண்மனைத் தோட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரே மாதிரி இரண்டு இலைகளைக் காட்டிவிடலாம் என்றார் ஒரு கனவான். முடிந்தால் கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டார் சோஃபி. அந்த மனிதர் தோட்டம் முழுக்க வெகுநேரம் அலைந்தும் ஒரு ஜோடி இலை அகப்படவில்லை.

சோஃபியின் மகள் சோஃபி ஷார்லட், பிரஷ்யாவின் அரசி. 1700இல் பெர்லினில் அறிவியல் கழகம் உருவானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் முதல் தலைவர் லைப்னிட்ஸ். புலன்கள் வழியாக வராத அறிவு ஏதாவது நம்மிடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு 1702இல் இவருக்கு லைப்னிட்ஸ் எழுதிய நீண்ட பதிலைக் கட்டாயம் படியுங்கள். நிறத்தைக் கண் காட்டுகிறது, சரி. பார்ப்பது 'நான்' என்ற எண்ணத்தை எந்தப் புலன் கொடுத்தது? பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியர் பெய்லின் நூல்களை வைத்து இவரோடு நடந்த உரையாடல்களிலிருந்துதான் 1710இல், நல்ல கடவுள் படைத்த உலகத்தில் தீமை ஏன் என்று கேட்கும் 'தியோடிசி' நூலே பிறந்தது. அதைப் பார்க்க அரசி உயிரோடு இல்லை, 1705இலேயே இறந்துவிட்டார்.

அப்புறம் கரோலின். அப்பா அம்மாவை இழந்து, சோஃபி ஷார்லட்டின் பராமரிப்பில் வளர்ந்து, சோஃபியின் பேரனை மணந்தவர். 1714இல் வேல்ஸ் இளவரசியாக லண்டன் போனார். நியூட்டனின் கருத்துகளைக் குறைகூறி லைப்னிட்ஸ் எழுதியதை, நியூட்டனின் நண்பர் சாமுவேல் கிளார்க்கிடம் காட்டியது இவர்தான். கிளார்க்கின் பதிலை ஹனோவரில் இருந்த லைப்னிட்ஸுக்கு அனுப்பியதும் இவரே. இப்படி ஆளுக்கு ஐந்து கடிதங்கள். நியூட்டன் தரப்பு சொல்வதுபோல் வெளி (space) பொருள்களைச் சாராமல் தனியாக, எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால், கடவுள் உலகத்தை அங்கே வைக்காமல் இங்கே வைக்க என்ன காரணம் என்று மடக்குகிறார் லைப்னிட்ஸ். அந்த இலைக் கதை வருவதும் இங்கேதான், நான்காவது கடிதத்தில்!

கிளார்க்கின் ஐந்தாவது பதிலுக்கு மறுபதில் எழுதாமலே, 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் காலமானார். மறு ஆண்டு கிளார்க் எல்லாவற்றையும் நூலாக வெளியிட்டு, கரோலினுக்கே காணிக்கையாக்கினார். புதிதாகப் படிப்பவர்கள் அந்த நான்காவது கடிதத்திலிருந்தே தொடங்கலாம்; ஆனால் அது கிளார்க்கின் மூன்றாவது பதிலுக்கு எழுதிய மறுப்பு என்பதால் அதையும் சேர்த்துப் படியுங்கள்.