கர்ப்பிணியின் பிரிவு அச்சம்: அரவணைப்பு மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். "கர்ப்பிணியை வாட்டும் பிரிவு அச்சம் தீரப் பெரிதும் வேண்டியது குடும்பத்தின் அரவணைப்பா, மருத்துவத்தின் கவனிப்பா?" என்பது இன்றைய தலைப்பு. நெருங்கியவரைப் பிரிய நேருமோ, அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஓயாமல் வாட்டும் பயத்தையே பிரிவு அச்சம் என்கிறோம். மருத்துவத்தின் கவனிப்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கமே இந்த அச்சத்துக்கு மருந்து என்றார். பெற்றவள் மடியில் தலைசாய்த்தால் எந்தப் பயமும் ஓடிவிடும் என்றார். அவையும் மனம் நெகிழ்ந்து கைதட்டியது. ஆனால், நடுவர் அவர்களே, தாயைப் பிரிந்து ஏங்குபவளுக்குத்தான் அது ஆறுதல். கணவனுக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று நடுங்குபவளை ஏழாம் மாதத்தில் அவனிடமிருந்து பிரித்து வேறோர் ஊரில் கொண்டுபோய் வைத்தால், அந்த மடியே அவளுக்குச் சோதனையாகிவிடும். அவள் யாரைப் பிரிய அஞ்சுகிறாள் என்பதை எந்த வளைகாப்பு மேடையில் கேட்டிருக்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் நிலையைச் சொல்கிறேன். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. கணவர் ஆபத்தான வேலை எதுவும் பார்ப்பவர் அல்லர். பக்கத்துத் தெருக் கடையில் கணக்கு எழுதுபவர். அவர் வண்டியைக் கிளப்பும் ஓசை கேட்டதுமே இவளுக்கு நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் புரட்டும். அவர் தொலைபேசியை எடுக்கச் சற்றுத் தாமதித்தால், சாலையில் ரத்தம் கிடப்பது வரை கண்முன் வந்துவிடும். இரவில் விழித்துக்கொண்டு, அவர் மூச்சுவிடுகிறாரா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். மாமியார் நல்லவர், "வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று தேற்றினார். கணவர் அதைவிட நல்லவர். மணிக்கொரு முறை அவரே அழைத்தார், பிறகு அரைமணிக்கொரு முறை அழைத்தார், கடைசியில் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டின் அரவணைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அச்சம் வளர்ந்தது.

ஏன் வளர்ந்தது? ஒவ்வோர் அழைப்பும் சற்று நேரத்துக்கு நிம்மதி தருகிறது. அந்த நிம்மதி தீர்ந்ததும் மனம் அடுத்த அழைப்பைக் கேட்கிறது. அழைக்காமல் இருந்தாலும் கணவர் பத்திரமாகத்தான் இருப்பார் என்பதை அவள் தானே கண்டறியும் வாய்ப்பு அந்த வீட்டில் ஒரு நாளும் கிடைப்பதில்லை. பதற்ற நோய்களில் பழக்கமுள்ள மனநல மருத்துவர்கள் அனைவரும் அறிந்த சுழற்சி இது. அன்பு மிகுந்த குடும்பமே இதில் முதலில் சிக்கிக்கொள்கிறது.

இது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் பயம்தானே என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 18 வயதுக்கு முன் தொடங்கினால்தான் இது பிரிவுப் பதற்றம் என்னும் நோய் என்று இருந்த விதியை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில்தான் நீக்கியது. அதற்கு முன்பே, 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வளர்ந்தவர்களிடம் காணப்படும் பிரிவுப் பதற்றத்தில் முக்கால் பங்குக்கும் மேல் வயது வந்த பிறகே தொடங்கியது என்று காட்டியிருந்தது. எல்லா ஏக்கமும் நோய் என்று நான் சொல்லவில்லை. கணவர் வெளியூர் போனால் கண் கலங்குவது இயல்பு. உறக்கத்தையும் உணவையும் கெடுத்து, வீட்டைவிட்டு நகரவும் தனியே இருக்கவும் முடியாமல், பெரியவர்களிடம் பொதுவாக 6 மாதம் அல்லது அதற்கு மேலும் நீடிப்பதையே நோய் என்கிறார்கள். கர்ப்பமே ஒன்பது மாதம்தான். ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று நாம் காத்திருந்தால் பிள்ளை பிறந்துவிடும், அச்சம் அந்தப் பிள்ளையின் மீதும் படரக்கூடும்.

நம் கர்ப்பிணிகள் மாதந்தோறும் பரிசோதனைக்குப் போகிறார்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர், குழந்தையின் இதயத் துடிப்பு என எல்லாம் பார்க்கப்படுகின்றன. "தனியாக இருக்க முடிகிறதா அம்மா? அவர் வெளியே போனால் உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்பவர் அரிது. பேறுகாலத்தை ஒட்டி வரும் மனச்சோர்வை அறிய உலகெங்கும் பயன்படும், 1987-இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியலின் 10 கேள்விகளில் காரணமற்ற கவலையும் பயமும் இடம்பெறுகின்றன. பிரிவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மாமியாரிடம் சொன்னால் செல்லம் கொஞ்சுகிறாள் என்று ஆகிவிடுமோ, கணவரிடம் சொன்னால் பாரமாகிவிடுவோமோ என்று வாயடைத்திருக்கும் பெண்ணுக்கு, அந்நியரான ஒரு செவிலியர் கேட்கும் கேள்விதான் வாசல்.

மருத்துவம் என்றால் மாத்திரை, மாத்திரை என்றால் கருவுக்குக் கேடு, மனநலப் பிரிவு என்றால் குடும்பத்தைவிட்டுப் பிரிப்பது என்று எதிரணியினர் அஞ்சுகிறார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மாத்திரை இல்லாமல், பேச்சின் வழியாகவும் படிப்படியான பயிற்சியின் வழியாகவும் பதற்றத்தைக் குறைக்கும் சிகிச்சை இருக்கிறது. மாத்திரை வேண்டியிருந்தாலும் நன்மை தீமைகளை எடைபோட்டே மருத்துவர் எழுதுவார். பிரிப்பதைப் பற்றிச் சொல்வதானால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2009-இல் தொடங்கிய தாய்-சேய் மனநலப் பிரிவில் தாயும் குழந்தையும் ஒன்றாகவே அனுமதிக்கப்படுகிறார்கள். பிரசவ நேரத்தில் அவள் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று 2018-இல் பரிந்துரைத்ததும் உலக சுகாதார நிறுவனம்தான்.

கணவரை வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. அவர் அவளோடு ஆலோசகர் முன் உட்கார வேண்டும். அரைமணிக்கொரு அழைப்பை ஒரு மணிக்கொன்றாகவும், பிறகு அரை நாளுக்கொன்றாகவும் இருவரும் சேர்ந்து எப்படித் தள்ளிப்போடுவது என்று கற்றுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லித்தரும் பயிற்சி எந்த வீட்டிலும் இல்லை. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள், 2022-இல் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அந்த எண் ஒவ்வொரு கர்ப்பிணியின் பரிசோதனை அட்டையிலும் அச்சிடப்பட வேண்டும் என்றும், பிரிவைப் பற்றிய கேள்வி ஒன்று மாதாந்தரப் பரிசோதனையில் சேர வேண்டும் என்றும் இந்த மன்றத்தில் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி.