பாடியவரே வேண்டாம் என்ற ஆல்பம்

நண்பர்களே, வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த 'தி லாஸ்' ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் 1990 அக்டோபரில் வந்தது. முதலும் அதுதான், கடைசியும் அதுதான். அது 2008இல் இரண்டு சிடிக்களாக மறுபடி வெளியானது, அந்த இரண்டாவது சிடி கையில் இருப்பதால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன். 'லா' என்றால் லிவர்பூல் பேச்சில் பையன். நாம் 'தம்பி' என்று கூப்பிடுவோமே, அந்த மாதிரி.

மொத்தம் பன்னிரண்டு பாட்டு, சுமார் 35 நிமிடம். இந்தக் குழுவைத் தெரியாதவர்களுக்கும் 'தேர் ஷி கோஸ்' தெரிந்திருக்கும். அதில் சரணம் என்று ஒன்றே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? பல்லவிதான் திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் ஒரே ஒரு சின்னத் திருப்பம், மூன்று நிமிடம் ஆவதற்குள் முடிந்துவிடும். ஆனால் தொடக்கத்தில் அந்த கிட்டார் மட்டும் தனியாக, மணி கோத்த மாதிரி இறங்கி வரும்போதே மனசு போய்விடுகிறது. 1988இல் முதலில் வெளிவந்தபோது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 59ஆம் இடத்தைத் தாண்டவில்லை, 1990இல் திரும்ப வந்தபோது 13வரை ஏறியது.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். பாட்டெல்லாம் எழுதிப் பாடியவர் லீ மேவர்ஸ். அவருக்குத் தலைக்குள் ஒரு ஒலி இருந்தது, அதை எந்த ஸ்டுடியோவிலும் பிடிக்க முடியவில்லை. தயாரிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள், வருடங்கள் ஓடின. பழைய மிக்ஸிங் கருவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தபோது, அதில் அறுபதுகளின் தூசி இல்லை என்று மறுத்துவிட்டார் என ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. கேட்டால் சிரிப்பு வரும், எனக்கு அதில் வேதனைதான் தெரிகிறது. கடைசியில் தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் பதிவு செய்த நாட்களில் குழு பாதியிலேயே விலகிக்கொள்ள, இருந்ததை வைத்து அவர் ஆல்பத்தை முடித்துக் கொடுத்தார். கோ! டிஸ்க்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆல்பம் கடைக்கு வந்த அந்த நேரத்திலேயே மேவர்ஸ் பேட்டிகளில் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை காலம் நாம் அவர் பேச்சை மட்டும்தான் கேட்டோம். மறுபதிப்பின் இரண்டாவது சிடியில் 1989இல் மைக் ஹெட்ஜஸ் என்ற தயாரிப்பாளர் பதிவு செய்து, அப்படியே கிடப்பில் போடப்பட்ட ஆல்பம் இருக்கிறது. பெரும்பாலும் அதே பாட்டுகள், வேறு கை. நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஹெட்ஜஸ் பதிவு கொஞ்சம் கரடுமுரடு, தளர்வு, நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வாசிக்கிற நெருக்கம் அதில் இருக்கிறது. 'டைம்லெஸ் மெலடி'யை அதில் கேட்டபோது மேவர்ஸ் எதைத் தேடினார் என்று கொஞ்சமாவது புரிந்தது. ஆனாலும் என் ஓட்டு லில்லிவைட்டுக்குத்தான். குரல் முன்னால் நிற்கிறது, குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் பவர் கூடச் சேர்ந்து பாடும் இடங்கள் தெளிவாக விழுகின்றன, இரண்டு நிமிடத்துக்குள் முடியும் 'சன் ஆஃப் எ கன்' முதல் பாட்டாக வந்து கதவைத் திறந்துவிடுகிறது. மேவர்ஸ் இந்த ஆல்பத்துக்கு அநியாயம் செய்துவிட்டார் என்றே நினைக்கிறேன், அதை அன்போடுதான் சொல்கிறேன். 1991இல் பவர் விலகினார், பிறகு 'காஸ்ட்' என்ற குழுவைத் தொடங்கினார். மேவர்ஸிடமிருந்து இரண்டாவது ஆல்பம் வரவே இல்லை.

இனி நான் பேசப்போவதில்லை. கடைசிப் பாட்டு 'லுக்கிங் கிளாஸ்', எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மெதுவாகத் தொடங்கும், அப்புறம் வேகம் பிடிக்கும், முடிவில் முன்னால் கேட்ட பாட்டுகளின் துண்டுகள் அதற்குள் பறந்து போகும், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விளக்கைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். நடுவில் யாரும் எழுந்து போகாதீர்கள்.